காசு குடுத்து வாங்குன கறுப்பு

ஏங் கண்ணு, அழுவாச்சிய மொதல்ல நிறுத்து. போன்ல நீ போட்டு உட்ட படத்தப் பாத்தேன். கண்ணாடி போட்டு ஒருக்கா, கழட்டிட்டு ஒருக்கா. அடி எலையெல்லாம் காஞ்சு கொட்டியிருக்குது, தாமரையாட்ட விரிஞ்சு கெடந்த தலை முட்டைக்கோசுக் குருத்தாட்டச் சுருங்கிப் போச்சு. அதுக்குக் கீழ "அப்புச்சி, செடி செத்துப் போச்சு"ன்னு ஒரு வரி, எட்டு அழுவற பொம்மை. சாவலை அம்மிணி, தூங்குது. வைகாசி வெயிலுக்கு மத்தியானம் நான் திண்ணைல துண்ட விரிச்சு வாயத் தொறந்து படுத்திருக்கறத நீ படம் புடிச்சாலும் இப்பிடித்தான் இருக்கும். உன்ற அம்மாயி ரெண்டு தடவ மூக்குகிட்ட வெரல் வெச்சுப் பாத்திருக்கறா. ரெண்டு தடவையும் அவளுக்கு ஏமாத்தந்தான்.

850 ரூவா குடுத்தேன்னு சொன்னயல்லோ, கொரியருக்குத் தனி. எதுக்குக் குடுத்த? கறுப்பா இருக்குதுன்னு. எனக்கு அங்கதான் சிரிப்பு வந்துது. நீ வண்டி ஓட்டறப்ப கண்ணு ரெண்டு மட்டுந் தெரியறாப்புல துப்பட்டாவச் சுத்திக்கற, கைக்கு மொழங்கை வரைக்கும் ஒறை மாட்டற, மூஞ்சிக்கு வெள்ளையாக்கற களிம்பு பூசற. செடி மட்டும் கரிக்கட்டையாட்ட இருக்கோணுமாக்கும்! போன வருசம் உன்னப் பாக்க வந்த ஒறம்பரை "புள்ளை கொஞ்சம் நெறங்கம்மி"ன்னு இழுத்தப்ப நான் கம்முனு வெத்தலை மென்னுட்டு இருந்தேன், நெனப்பிருக்குதா? அவிங்க மறுக்கா வந்தா காப்பித் தட்டோட இந்தச் செடியவும் கொண்டாந்து வையி. உங்க பெங்களூருல கறுப்பு என்ன வெலைன்னு தெரிஞ்சுட்டுப் போகட்டும்.

கடைக்காரன் பிளாக் ரோஸுன்னு சொல்லி வித்திருப்பான். ரோஜாவுக்கும் இதுக்கும் எந்த ஒறவும் கெடையாது, மாமன் மச்சான் மொறை கூட வராது. இதும் பேரு ஏயோனியம். இந்தக் கறுப்பு ரகத்துக்கு ஹாலந்துக்காரன் பாசையில ஸ்வார்ட்கோப்புன்னு பேரு. கருந்தலைன்னு அர்த்தம். ஏயோனியங்கறது கிரேக்கப் பேச்சு, என்னைக்கும் இருக்கறது, சாகாததுன்னு சொல்லலாம். சாகாததுன்னு பேரு வெச்ச செடிய ஆறே மாசத்துல சாகடிச்சுட்டேன்னு அழுவறவள நான் உன்னைத்தான் பாக்கறேன்.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. உங்கம்மா பொறக்கறதுக்கு முந்தி நாலு வருசம் ஊட்டிக்கு அக்கட்டால ஒரு எஸ்டேட் பங்களாத் தோட்டத்துல மம்முட்டி புடிச்சவன் நானு. அங்க இந்தச் செடிக்கு அக்கா மொறை ஆவற பச்சை ஏயோனியம் 20 தொட்டி இருந்துது. மொத கோடை. எல்லாத் தலையும் சுருங்குது, எலை உதுருது. நானும் உன்னாட்டத்தான், மனசு கேக்கல. பெரிய மாலி ஊருக்குப் போயிருந்த ஒரு வாரமும் தெனம் பூவாளியில மொண்டு மொண்டு ஊத்துனேன். எட்டாம் நாளு ஒரு தண்டைத் தொட்டேன் பாரு, கனிஞ்சு போன பூவம்பழத்துல வெரலு எறங்குனாப்புல பொதுக்குனு உள்ள போச்சு. காப்பித்தூளு கரைசலாட்டத் தண்ணி வழிஞ்சுது. நாத்தம் வேற. பெரிய மாலி வந்து திட்டவே இல்ல. அழுவுன தண்டு ஒவ்வொண்ணையும் புடுங்கி என்ற கையிலயே குடுத்து, மோந்து பாருன்னாரு. 11 தொட்டி. தொட்டி ஒண்ணுக்கு ஒரு நாள் காப்பி இல்லைன்னும் சொல்லிட்டாரு. அந்தக் குளுருல 11 நாளு காப்பி இல்லாம இருந்தவன் சொல்றேன், கேட்டுக்க.

அதுக்கு வெவரம் என்னன்னா, இது பொறந்த எடம் கேனரித் தீவு. ஸ்பெயின்காரன் சீமைதான், ஆனா கெடக்கறது ஆப்பிரிக்காக் கரையிலருந்து 100 கிலோமீட்டரு சொச்சத்துல, கடலுக்குள்ள. எரிமலை கக்கி உண்டான தீவுக. அங்க டெய்டேன்னு ஒரு மலை, ஒசரம் 3,715 மீட்டரு. நம்ம தொட்டபெட்டா மேல இன்னொரு ஆயிரம் மீட்டரை அடுக்குனாக் கூட எட்டாது. வடக்குச் சரிவுல கடல்காத்து மேகத்தக் கொண்டாந்து மோதிக்கிட்டே கெடக்கும். மழைன்னு வந்தா அது குளுரு மாசத்துலதான். கோடைல சொட்டுக் கூட விழுவாது. அதனாங்காட்டி இந்தச் செடிக பரம்பரை பரம்பரையா ஒரு பழக்கம் பழகிருச்சு. மழையும் குளுரும் இருக்கறப்ப வேலை செய்யறது, கோடை வந்தா அடி எலைய உதுத்துக் குடும்பத்தச் சுருக்கி, தலைய மூடிட்டுப் படுத்துக்கறது. பஞ்ச காலத்துல பண்ணயத்து ஆளுகளைக் கொறைக்கற கவுண்டனாட்ட.

நம்மூருல என்ன ஆவுது? அது படுக்கற நேரத்துல உங்கூருக்கு மழை புடிக்குது. மே மாசம் இடியோட வரும், அப்புறம் ஐப்பசி வரைக்கும் உட்டு உட்டுப் பேஞ்சுட்டே இருக்கும். தூங்கறவன் வாயில தண்ணிய ஊத்துனா எப்பிடி? பொறையேறிச் சாகறதுதான். நீ செடிக்குப் பண்ணுனதும் அதேதான். வெளிய மழை ஊத்துது, உள்ள நீ ஊத்தற. கேட்டா "பாசமா பாத்துக்கிட்டேன் அப்புச்சி"ங்கற. பாசத்துல செத்த செடிகளை எண்ணுனா பஞ்சத்துல செத்தது கம்மியாத்தான் இருக்கும்.

இப்ப ஒரு வேலை செய்யி. போன அப்பிடியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயி தண்டை ரெண்டு வெரலால அமுத்திப் பாரு. கட்டையாட்டக் கெட்டியா இருக்குதா? உசுரோட இருக்குதுன்னு அர்த்தம், மேல எத்தன எலை உதுந்தாலும் வெசனப்படாத. தோலு சுருங்கியிருந்தாக் கூடப் பரவால்ல, என்ற தோலப் பாக்கறதில்லையா? பொதுக்குனு உள்ள போனாத்தான் கவலை. அப்பவும் முடிஞ்சு போச்சுன்னு இல்ல. அழுவலுக்கு மேல, உள்சதை வெளுப்பும் பச்சையுமாச் சுத்தமாத் தெரியற எடம் வரைக்கும் கத்திய மேல மேல ஏத்தி வெட்டோணும். ஒரு செவப்புப் புள்ளி மிஞ்சுனாலும் அது மறுக்கா ஏறிக்கும். கத்தியக் கொஞ்சம் ஸ்பிரிட்டு தொட்டுத் தொடச்சுக்க.

தொட்டியப் பத்திப் பேசாம இருக்கலாம்னுதான் நெனச்சேன். மனசு கேக்கல. சீனாக் களிமண்ணுக் கோப்பை, அதுல மீசை வெச்ச பூனை படம், அடியில ஓட்டை இல்ல! காப்பி குடிக்க வெச்சிருந்த கோப்பையா அது? ஓட்டை இல்லாத தொட்டியில செடி வெக்கறதும், சன்னலே இல்லாத ரூமுல மாப்பிள்ளைய உட்டு வெளிய பூட்டறதும் ஒண்ணுதான். அதுக்குள்ள என்ன மண்ணு? நான் பொங்கலுக்கே வெரலால கிளறிப் பாத்தேன். தேங்காநாரு தூளு. நர்சரிக்காரன் அனுப்பறப்ப எடை கம்மியா இருக்கோணும், வழியில காயாம இருக்கோணும்னு அதுல வெச்சு அனுப்பறான். அது அவன் சவுரியம். தேங்காநாரு ஒருக்கா நனைஞ்சா வாரக் கணக்குல ஈரத்தப் புடிச்சு வெச்சுக்கும். காஞ்சுட்டா ஊத்தற தண்ணியக் குடிக்காம ஓரமா வழிய உட்ரும். ரெண்டும் கெட்ட குணம். ஐப்பசி பொறந்ததும் வேரோட எடுத்து, அந்த நாரை மெதுவா ஒதறி எடுத்துரு.

மண்ணுக்குன்னு ஆன்லைன்ல ஒரு மூட்டை 400 ரூவாய்க்குத் தேடாத. உங்க அபார்ட்மெண்டுக்குப் பக்கத்துல எப்பவும் ஒருத்தன் கட்டடத்த இடிச்சுட்டேதான் இருப்பான். ஒடஞ்ச செங்கல்லு ரெண்டு பொறுக்கி, பட்டாணிக்கடலை அளவுக்குத் தட்டிக்க. அதுல ஒரு பங்கு, செம்மண்ணு ஒரு பங்கு, கழுவுன பெருமணலு ஒரு பங்கு. எம்-சாண்டுன்னா நல்லா அலசிக்க, இல்லைன்னா அதுல இருக்கற தூளு சிமெண்டாட்ட எறுகிரும். மக்குன சாணி எரு ஒரு கையளவு. அடுப்புக்கரி இருந்தா ஒடச்சுப் போடு. மண்தொட்டி, அடியில கட்டைவெரலு போற ஓட்டை. தண்ணி ஊத்துனா ஊத்துன வேகத்துல கீழ எட்டிப் பாக்கோணும், அவ்வளவுதான் கணக்கு. ஒரமெல்லாம் இதுக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். நல்லாத் தின்னா ஒசரமாக் கொழுத்து, கெளை பாரம் தாங்காம ஒடிஞ்சு விழுவும்.

தண்ணிக்கு நீ என்னைக்கு என்னைக்குன்னு போன்ல அலாரம் வெச்சிருக்கறயாமா? செடிக்கு ஞாயித்துக்கெழமை எது, திங்கக்கெழமை எதுன்னு தெரியுமா? ஒரு அகர்பத்திக் குச்சிய மண்ணுக்குள்ள சொருகி எடு. ஈரம் ஒட்டியிருந்தா கம்முனு போயி உன்ற வேலையப் பாரு. வெறுங்குச்சியா வந்தா ஊத்து, ஊத்தறப்ப நல்லா முழுசா ஊத்து. குளுரு மாசத்துல வாரத்துக்கு ஒருக்கா கேக்கும். இப்பத்த கோடையில இருவது நாளைக்கு ஒருக்கா நாக்க நனைச்சாப் போதும். அதுக்குன்னு ஒரேயடியா மூணு மாசம் பட்டினி போடாத. இதென்ன கத்தாழையா? எலை மெலிசு, வேரு நூலாட்ட மேலாப்புல ஓடறது. சப்பாத்திக்கள்ளியாட்ட வயித்துக்குள்ள குளம் வெட்டி வெச்சுக்கற சாதி இல்ல. மழை வந்தா தொட்டியத் தூக்கித் தாவாரத்துக்குள்ள வையி.

அப்புறம் கறுப்பு. "வாங்குனப்ப கன்னங்கரேல்னு இருந்துது, இப்ப பச்சையாயிருச்சு, கடைக்காரன் சாயம் பூசி ஏமாத்திட்டான்"னு போன மாசம் சண்டைக்குப் போனயாமா. உங்கம்மா சொன்னா. அந்த ஆளு பாவம். நீ அதைக் கொண்டு போயி டிவிக்குப் பக்கத்துல வெச்சா எப்பிடி கறுக்கும்? கறுப்புங்கறது அது வெயிலுக்குப் புடிக்கற குடை. பளீர்னு வெளிச்சம் அடிச்சா எலை ஒரு கருஞ்செவப்புச் சாயத்தத் தானா ஊறவெச்சு மேல போத்திக்கும். வெளிச்சம் கம்மின்னா போர்வை எதுக்குன்னு கழட்டி வெச்சுரும், பச்சை தெரியும். வெயிலு தேடிக் கழுத்து நீட்டி நீட்டித் தண்டு வேற ஒசந்துரும். நடுக்குருத்து மட்டும் பச்சையா இருந்தாப் பயப்படாத, அது புது எலை, வெளிய வந்து வெயிலு பட்டாக் கறுக்கும்.

கெழக்குப் பக்கம் பால்கனி இருக்குதல்லோ, துணி காயப்போடற எடம், அங்க வையி. காலை வெயிலு 11 மணி வரைக்கும் அடிச்சாப் போதும். டிவி நெழல்ல இருந்தத ஒரேயடியா வெயில்ல தூக்கி வெச்சுராத, வெந்து போயி எலையில தழும்பு வந்துரும். மொதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் ரெண்டு, இப்பிடி ரெண்டு வாரத்துல பழக்கு. நீயும் அதுகூடவே துப்பட்டா இல்லாம நில்லேன். கறுத்தா நட்டமில்ல, வெலை கூடும்.

ராத்திரியில இது என்ன செய்யுதுன்னு தெரியுமா? நாமெல்லாம் பகல்ல கடையத் தொறந்து வெக்கறவங்க. செடிகளும் அப்பிடித்தான், பகல்ல எலையில இருக்கற பொடிப்பொடி வாசலைத் தொறந்து காத்த இழுக்கும். ஆனா வாசலைத் தொறந்தா உள்ள இருக்கற தண்ணி ஆவியா வெளிய ஓடிரும். காய்ஞ்ச சீமையில பொறந்த இந்தச் சாதிக்கு அது கட்டுபடி ஆவாது. அதனால ராத்திரிதான் கதவத் தொறக்கும். கரியமில வாயுவ இழுத்துப் புளிப்பா மாத்தி மொடாவுல ஊறப் போட்டு வெச்சுக்கும். விடிஞ்சா கதவச் சாத்திட்டு, ஊறுன புளிப்ப எடுத்து வெயில்ல சமையலு. இதைக் கண்டுபுடிச்ச கதை எங்க ஆரம்பிச்சுது தெரியுமா? உன்ற மாமன் வாத்தியாரு சொன்னான். நம்ம சென்னை மாகாணத்துல கிழக்கிந்தியக் கும்பெனிக்குச் செடிகொடி பாத்துட்டு இருந்த ஜெர்மன்காரரு ஒருத்தரு, பேரு பெஞ்சமின் ஹெய்ன். அவரு நம்ம ரணகள்ளி எலையக் காலைல மென்னு பாத்தாரு, புளிச்சுது. மத்தியானம் மென்னாரு, சப்புனு இருந்துது. பொழுதெறங்க மென்னாரு, லேசாக் கசந்துது. 1813-ல ஒரு காயிதம் எழுதிப் போட்டாரு, ரெண்டு வருசம் கழிச்சு அச்சுல வந்துது. உன்ற அம்மாயி வயித்துக் கல்லுக்குன்னு அதே எலைய எனக்கு வருசக்கணக்கா அரைச்சுக் குடுத்தா. காலைல புளிக்குதுடின்னு நானும் சொன்னேன். நோக்காடு புடிச்சவனுக்கு நாக்குலதான் கோளாறுன்னா. காயிதம் எழுதிப் போட்டிருந்தா என்ற பேரும் வந்திருக்கும்.

ரணகள்ளியும் உன்ற கருப்பியும் ஒரே குடும்பந்தான், பங்காளி வகையறா. ஆனா அங்கதான் நீ ஏமாந்த. ரணகள்ளி எலையப் பொஸ்தகத்துக்குள்ள வெச்சாலும் ஓரத்துல குட்டி போடும். அதப் பாத்துட்டு, வீடியோ வேற பாத்துட்டு, கருப்பி எலை 14 எடுத்து முட்டை அட்டையில வரிசையா அடுக்கி வெச்சிருந்தயே, நெனப்பிருக்குதா? எச்சிவேரியான்னு மெக்சிகோச் செடி ஒண்ணு இதே சாயலா இருக்கும், அதுல ஒரு கறுப்பு ரகமும் உண்டு, அது எலையில பொழைக்கும். ஏயோனியம் எலையில வராது. தண்டுதான், கெளையோட தலைய வெட்டி நடோணும். 

ஒரு சாண் தண்டோட வெட்டு, நெழல்ல அஞ்சாறு நாளு கெடத்து, வெட்டு வாயில பக்கு கட்டட்டும். அப்புறம் மண்ணுல சொருகு. குளுரு தொடங்கறப்ப வெச்சா மூணு நாலு வாரத்துல வேரு எறங்கிரும். வெட்டுன மொட்டைத் தண்டையும் தூக்கிப் போட்ராத, அதுல ரெண்டு மூணு தலை புதுசா வெடிக்கும். பொங்கலுக்கு வந்தப்ப ராவோட ராவா ஒரு கெளைய நம்ம பூனை முறிச்சுப் போட்டுதுன்னு அந்த வாயில்லாச் சீவனத் தொடப்பக்கட்டையில தொரத்துனயே, அந்த மொட்டையில இப்ப ரெண்டு குருத்து வந்திருக்குது, உன்ற படத்துலயே தெரியுது. வெட்டு எத்தன சுத்தம் பாத்தயா? வெவரமான பூனை.

மாவுப்பூச்சி வந்தா எலை இடுக்குல பஞ்சு ஒட்டுனாப்புல இருக்கும். எறும்பு ஏறுதான்னு பாரு, ஏறுனா பூச்சி இருக்குது. எறும்புக்கு அது பால்மாடு. காது கொடையற பஞ்சுக்குச்சிய ஸ்பிரிட்டுல தொட்டுத் தொட்டு எடு. வேப்பெண்ணெய் அடிச்சா பொழுது எறங்கி அடி, எண்ணெயோட வெயில்ல நின்னா எலை பொரிஞ்சுரும். பத்து எறும்புக்கே நீ கத்தற. 2008-ல கோயமுத்தூருப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தப்ப நம்ம மல்பெரிக்காடு சுண்ணாம்பு அடிச்சாப்புல நின்னுது. மரவள்ளி, பப்பாளி எதையும் உடல. மருந்து அடிச்சு அடிச்சு மனுசனுக்குத்தான் மயக்கம் வந்துது. கடைசில 2010-ல புவேர்ட்டோ ரிக்கோவுலருந்து கடுகு கூட இல்லாத ஒரு குளவியக் கொண்டாந்து உட்டாங்க, அது போயி அந்தப் பூச்சிக்குள்ள முட்டை வெச்சு ஒழிச்சுக் கட்டுச்சு. உன்ற பால்கனிக்குப் பஞ்சுக்குச்சி போதும்.

ஆங், பூவு. நாலஞ்சு வருசம் கழிச்சு ஒரு தலையில இருந்து கோபுரமாட்டக் கூம்பா மஞ்சப் பூவு எந்திரிக்கும். நீ உடனே கேக்கு வெட்டிருவ. வெட்டாத. வாழை கொலை தள்ளுனாப்புலதான் அது, பூத்த தலை அத்தோட சரி. கெளை இருந்தா மத்த தலைக பொழைச்சுக்கும். ஒத்தத் தலையோட வளத்தவன் பாடுதான் திண்டாட்டம். அதுக்கோசரந்தான் இப்பவே வெட்டி வெட்டிப் பெருக்கு, நாலு ஊட்டுக்குக் குடுன்னு சொல்றேன். 

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கேனரித் தீவுல நம்ம இட்டேரிக் கள்ளியாட்டவே கள்ளிக பொதராட்ட நிக்கும், அதும் பாலு மேல பட்டா எரியும். அதுக்கு அங்கத்தி ஆளுக ஒரு வகை ஏயோனியம் எலையப் புழிஞ்சு தடவுவாங்களாமா. அது லிண்ட்லேன்னு வேற ரகம், சின்னது, பச்சை. நீ உன்றதப் புழிஞ்சு மொகத்துக்குப் பூசிப் பாக்கலாம்னு நெனச்சுருவ, அதுக்குத்தான் சொல்றேன்.

ஐப்பசி நோம்பிக்கு வர்றப்ப அந்தக் கோப்பையத் தூக்கிட்டு வா, தொட்டி மாத்திக் குடுக்கறேன். பொடக்காளிக்குப் போனா மாட்டுச்சாளை எறவாரத்துக்குக் கீழ, காலை வெயிலு விழற மூலையில ஒரு பழைய பெயிண்டு டப்பா இருக்கும். கண்ணுல பட்டாக் கத்தாத, அம்மாயிக்குத் தெரியாது. தை மாசம் வேரு புடிச்சுது, இப்ப அதுவும் தூங்குது. உன்றத விட நல்ல கறுப்பு. அந்தப் பூனைக்கு வர்றப்ப ஒரு பிஸ்கோத்துப் பொட்டணம் வாங்கிட்டு வந்துரு.